தூரம் தெரியாத வெளிச்சம்

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று தெரிந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வான்வெளியை மூடிவிட்டார்கள். இறங்க வந்த இரண்டு விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. கிளம்ப வேண்டிய மூன்று விமானங்கள் தரையிலேயே நின்றன. ஆயிரம் பேருக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் நிலையம் வழக்கத்துக்குத் திரும்பியது. நடுவே விமானப் படை ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடிப் பார்த்தது. ஒன்றும் சிக்கவில்லை. அந்தச் சிறிய பொருள் பிறகு தென்படவில்லை என்று விமானப் படையின் கிழக்குப் பிரிவு அறிவித்தது.

ட்ரோன் என்றார்கள் சிலர். பலூன் என்றார்கள் சிலர். வேற்றுக்கிரகத்துக்குப் போனவர்களும் உண்டு. ‘அது என்ன’ என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு தூரத்தில் இருந்தது? இந்த ஒரு எண் கிடைத்திருந்தால் அதன் அளவு தெரிந்திருக்கும், வேகம் தெரிந்திருக்கும், ஊகங்களில் முக்கால்வாசி அங்கேயே உதிர்ந்திருக்கும். வானத்தில் கண்ட விளங்காத பொருட்களின் கதைகளில் பெரும்பாலானவை, தூரம் தெரியாமல் போன கதைகள்தான்.

கண்ணால் முடியாத கணக்கு

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. பக்கத்தில் இருக்கும் பொருளை இரண்டும் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை தூரத்தைக் கணித்துக்கொள்கிறது. ஊசியில் நூல் கோக்க இது போதும், பந்தைப் பிடிக்கவும் போதும். சில நூறு மீட்டரைத் தாண்டிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அதற்கு மேல் மூளை வேறு துப்புகளை நம்புகிறது. பனைமரம் இவ்வளவு உயரம் இருக்கும் என்று ஏற்கெனவே தெரியும். மலை மங்கலாகத் தெரிந்தால் தள்ளி இருக்கிறது. ஒன்று இன்னொன்றை மறைத்தால் மறைப்பது முன்னால் இருக்கிறது. வெறும் வானத்தில் நிற்கும் ஒரு வெளிச்சத்துக்கு இந்தத் துப்புகளில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் மூளை சும்மா இருப்பதில்லை. தானாக ஒரு தூரத்தை ஒட்டவைத்து, அதைப் பார்த்த உண்மையைப் போலவே நமக்குக் காட்டிவிடுகிறது.

கண் நிஜமாகவே அளப்பது கோணத்தை மட்டும்தான். கையை முழுக்க நீட்டி, முஷ்டியை மடக்கி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முஷ்டி மறைக்கும் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சுண்டுவிரல் மறைப்பது சுமார் 1 டிகிரி. முழுநிலா இதில் பாதிதான், அரை டிகிரி. நிலா எவ்வளவோ பெரிது என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை சுண்டுவிரலை நீட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

இப்போது, வினாடிக்கு ஒரு சுண்டுவிரல் அகலம் நகரும் வெளிச்சம் ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதன் வேகம் மணிக்கு 63 கி.மீ.; பறவையோ ட்ரோனோ போதும். பத்து கிலோமீட்டர் என்றால் 630 கி.மீ.; பயணிகள் விமானம். நூறு கிலோமீட்டர் என்றால் 6,300. பயணிகள் விமானம் எதற்கும் வராத வேகம். ஐந்நூறு கிலோமீட்டர் என்றால் 31,000 கி.மீ.யைத் தொடும்; செயற்கைக்கோள்களின் கணக்கு. நான்கும் கண்ணுக்கு ஒரே காட்சி. ‘பயங்கர வேகத்தில் போனது’ என்று ஒருவர் சொல்லும்போது, தான் ஒரு தூரத்தை ஊகித்திருப்பது அவருக்கே தெரியாது. ‘ரொம்பப் பெருசா இருந்துச்சு’ என்பதும் அப்படித்தான்.

போயர் பார்த்தது

விமானிகள் அனுபவசாலிகள், அவர்களுக்குமா தெரியாது என்று தோன்றும். 2007 ஏப்ரல் 23 அன்று நடந்ததைப் பார்ப்போம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவுக்கு ஆரிக்னி நிறுவனத்தின் டிரைஸ்லாண்டர் என்ற சின்ன விமானம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் கேப்டன் ரே போயர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். சுமார் 4,000 அடி உயரத்தில் பறக்கும்போது முன்னால் பளிச்சென்ற மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கெர்ன்சி தீவின் கண்ணாடித் தோட்டக் கூரைகளில் பட்டுத் திரும்பும் வெயில் என்றுதான் முதலில் நினைத்தார். கூரை என்றால் விமானம் நகர நகர மறைந்திருக்க வேண்டும். இது மறையவில்லை. பைனாகுலரில் பார்த்தபோது தட்டையான, ஓரத்தில் கருத்த பட்டை உள்ள வடிவம். பின்னாலேயே அதே மாதிரி இரண்டாவது ஒன்று. பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளில் சிலரும் பார்த்தார்கள். சார்க் தீவருகே பறந்த வேறொரு நிறுவனத்தின் விமானியும் தான் ஒன்றைப் பார்த்ததாகத் தகவல் தந்தார்.

போயர் பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பத்து மைல் தள்ளி இருக்கிறது என்று முதலில் நினைத்தபோது, அது ஒரு போயிங் 737 அளவு இருக்கும் என்று தோன்றியது. பிறகு நாற்பது மைல் தள்ளி இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தபோது, ஒரு மைல் அகலம்கூட இருக்கலாம் என்றார். பொருள் அப்படியேதான் இருந்தது. அவர் மனசுக்குள் தூரம் மாறியது, கூடவே பொருள் வீங்கியது. கணக்குப்படி பார்த்தால் தூரம் நான்கு மடங்கானால் அகலமும் நான்கு மடங்கு ஆகவேண்டும். 35 மீட்டர் விமானம் 140 மீட்டர் ஆகும், ஒரு மைல் ஆகாது. போயர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. பார்த்ததை உடனே பதிவு செய்தார், கேலிக்குப் பயந்து மறைக்கவில்லை. தூரத்தைக் கணிக்க மட்டும் அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. அடுத்த ஆண்டு ஓர் ஆய்வுக் குழு ரேடார் பதிவுகள், வானிலை, கானல் தோற்றம் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தும் முடிவான விடைக்கு வரமுடியவில்லை.

329 முறை வந்த உளவாளி

தூரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முழு நீளக் கதை உண்டு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் எல்லைப் பகுதியில் ஓர் ஏரிக்கு மேலே விளங்காத ஒளிப்பொருட்கள் வருவதை நம் ராணுவம் 329 முறை பதிவு செய்தது. அவற்றில் 155 முறை எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகக் குறிப்பு. சீனாவின் உளவு ட்ரோன்கள் என்று சந்தேகம். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒன்று வரும், விடியற்காலை நான்கு மணி வாக்கில் இன்னொன்று வரும்.

கடைசியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அழைத்தார்கள். வானியலாளர்கள் அந்தப் பொருட்களின் இடத்தை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ட்ரோன் என்றால் நட்சத்திரங்களுக்கு முன்னால் தன் போக்கில் திரியும். இவையோ வானத்தோடு சேர்ந்து மணிக்கு 15 டிகிரி மேற்கே நகர்ந்தன. ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தூசில்லாத மெல்லிய காற்றில் இந்தக் கிரகங்கள் சமவெளிக்காரர்கள் பார்த்தே இராத பிரகாசத்தில் எரியும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவை, எல்லைக்கோட்டைச் சில கிலோமீட்டர் தாண்டிவிட்டதாக எழுதப்பட்டன.

சிரிக்கத் தோன்றும். 2011 ஜனவரி 14 அன்று ஏர் கனடாவின் டொரன்டோ–சூரிச் விமானத்தில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. அட்லாண்டிக் மேலே, நள்ளிரவில், இருக்கையிலேயே கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்த துணை விமானி, எதிரே தெரிந்த வெள்ளிக் கிரகத்தை எதிர்வரும் விமானம் என்று முதலில் நினைத்தார். நிஜமாகவே எதிரில் வந்த அமெரிக்க ராணுவ விமானம் ஆயிரம் அடி கீழே இருந்தது. அதைக் கண்டதும் தங்களை நோக்கி இறங்கி வருவதாக அவருக்குத் தோன்ற, மோதலைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டை முன்னால் தள்ளினார். விமானம் சட்டென முன்பக்கம் சாய்ந்தது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். பயணிகள் 14 பேருக்கும் விமானப் பணியாளர்கள் இருவருக்கும் காயம். இருட்டில் ஒற்றை வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அசையாத வெளிச்சமும் சற்று நேரத்தில் அசைவதாகத் தோன்றும். இருட்டறையில் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். அதனால்தான் இரவில் ஒரே புள்ளியை முறைத்துப் பார்க்காதே என்று விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

திமிரிக்கு மேலே

லடாக் வரை போவானேன். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது திமிரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்புபவர்களும், விடியுமுன் கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கும் ஷூ கம்பெனிப் பெண்களும் இந்த வானத்தை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் தலைக்கு மேலே என்னவெல்லாம் நடமாடுகிறது என்று பார்க்கலாம்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே இருக்கும் ஊர் என்பதால் விமானங்களுக்குக் குறைவில்லை. வடகிழக்கே அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்களும், 2020 முதல் குத்தகைக்கு எடுத்த எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்களும் அங்கிருந்துதான் கிளம்பின. அதே திசையில் சுமார் 140 கி.மீ. தள்ளி ஸ்ரீஹரிகோட்டா. சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள் ராக்கெட் கிளம்பினால் கீழே இருட்டிவிடும், நூறு கிலோமீட்டர் உயரத்தில் மட்டும் வெயில் இருக்கும். ராக்கெட்டின் புகை அந்த வெயிலில் விரிந்து நீலமும் வெள்ளையுமாக ஒளிரும். 2022 டிசம்பர் 15 அன்று மாலை ஒடிசா கடலோரத் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தபோது மேற்கு வங்கம் முழுக்க மக்கள் வானத்தில் வினோத வெளிச்சத்தைப் பார்த்தது இதனால்தான்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை தினம் இரண்டு வேளை, விடியற்காலையும் மாலையும், ரப்பர் பலூன் விடுகிறது. அதில் ஒரு சின்னக் கருவிப் பெட்டி தொங்கும். சுமார் 30 கி.மீ. உயரம் போய் பலூன் வெடிக்கும், பெட்டி எங்காவது வயலில் விழும், ஊர் கூடும், போலீஸ் வரும். இந்தப் பலூனின் பயணத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே வரை மேற்கிலிருந்து காற்று வீசும். 14–16 கி.மீ. உயரத்திலோ கிழக்கிலிருந்து மேற்கே ஒரு விரைகாற்று ஓடும். இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் விளக்கிய காற்று அது. ஆகவே கிழக்கே போய்க்கொண்டிருக்கும் பலூன், உயரம் ஏறியதும் வந்த வழியே திரும்பும். ‘காற்றுக்கு எதிராகத் திரும்பியது, அது பலூனாக இருக்கவே முடியாது’ என்று கீழே நிற்பவர் சத்தியம் செய்வார். அவருக்குத் தெரிந்தது தரையில் வீசும் காற்று மட்டும்தான்.

ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளமும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விக்காராபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆள் உட்காரும் கூண்டு போன்ற ராட்சதப் பொருள் இறங்கி, ஊரே திரண்டது. அந்தப் பலூன் தளத்திலிருந்து ஒரு ஸ்பெயின் நிறுவனம் சோதனைக்காக அனுப்பிய ஆளில்லாத கூண்டு அது. அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானத்தில் தீப்பொறிகள் வரிசையாக ஊர்ந்தன. சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் மிச்சம். எரிகல் என்றால் சில வினாடிகளில் முடிந்துவிடும். ராக்கெட் மிச்சம் மெதுவாக, துண்டுதுண்டாக, ஒரு நிமிடம் அளவுக்குக்கூட ஊர்ந்து போகும். இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் சேர்ந்துவிட்டன. ஏவப்பட்ட புதிதில் ரயில் பெட்டிகளாக வரிசையில் போகும்; பிறகும் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் ஒளியைத் திருப்பியனுப்பி, விட்டு விட்டு மின்னும். 2022இல் பசிபிக் மேலே பறந்த விமானிகள் படம்பிடித்த விளங்காத வெளிச்சங்கள் இவைதான் என்று பிறகு கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நாட்றம்பள்ளிப் பள்ளம்

பார்த்ததற்குக் காரணம் தெரியாமல் குழம்புவது ஒரு வகை. பார்க்காததற்கே வானத்தைக் காரணம் காட்டுவது இன்னொரு வகை. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பலத்த வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம் விழுந்தது, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் முதல்வர் ஜெயலலிதா, விண்கல் விழுந்ததில் இறந்ததாகச் சொல்லி அந்தக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். விண்கல்லால் மனிதர் இறந்த நவீன காலத்தின் முதல் சம்பவம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

விண்கல்தானா என்ற சந்தேகமும் எழுந்தது. அதற்குக் காரணம் இயற்பியல். சிறிய விண்கல் காற்றில் உரசி உரசித் தன் விண்வெளி வேகம் முழுவதையும் பல கிலோமீட்டர் உயரத்திலேயே இழந்துவிடும். கடைசியில் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், மாடியிலிருந்து போட்ட கல்லாகத்தான் வந்து விழும். ஆளைக் கொல்லலாம், வெடிக்காது, கண்ணாடிகளை உடைக்காது. வெடிக்கும் அளவுக்குப் பெரிய கல் என்றால் பட்டப்பகலிலும் நெருப்புக் கோளமாகப் பல மாவட்டங்களுக்குத் தெரிந்திருக்கும். படங்களைப் பார்த்த நாசா, இது தரையில் நடந்த வெடிப்பு போல இருக்கிறது என்றது. லடாக்கில் வெள்ளியை அடையாளம் கண்ட அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆட்களும் நாட்றம்பள்ளிக்குப் போனார்கள். அவர்களுடைய காவலூர் வான்நோக்ககம் பக்கத்திலேயே, ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது.  நாட்றம்பள்ளியில் இல்லாமல் போனது ஒன்றுதான்: கல் ஏதும் விழுந்திருந்தால் அது எந்தத் திசையிலிருந்து எந்தக் கோணத்தில் வந்தது என்று சொல்ல, வானத்தில் அதைப் பார்த்த இரண்டு பேர்.

இரண்டு பேர் போதும்

ஏன் இரண்டு பேர்? கண்ணுக்குக் கண் ஆறரை சென்டிமீட்டர் போதாது என்றால், கண்களைத் தள்ளி வைக்கவேண்டியதுதான். 1798இல் ஜெர்மனியில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நின்று ஒரே எரிகற்களைக் குறித்தார்கள். அவை சுமார் 90 கி.மீ. உயரத்தில் எரிகின்றன என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1802 ஏப்ரலில், பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளந்து இந்தியாவின் மாபெரும் நில அளவையைத் தொடங்கியதும் இதே முக்கோணக் கணக்கில்தான்.

திமிரியில் ஒருவர், நேர் தெற்கே சுமார் 18 கி.மீ. தள்ளி ஆரணியில் ஒருவர். ஒரே நேரத்தில் இருவரும் கைபேசியில் பேசியபடி பார்க்கிறார்கள். வெளிச்சம் திமிரிக்காரரின் உச்சந்தலைக்கு மேலே. அது பத்து கிலோமீட்டர் உயரத்து விமானம் என்றால், ஆரணிக்காரருக்கு வடக்கே தொடுவானத்திலிருந்து 29 டிகிரி, அதாவது மூன்று முஷ்டி உயரத்தில் தெரியும். முப்பது கிலோமீட்டர் உயரத்துப் பலூன் என்றால் ஆறு முஷ்டி. 500 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் என்றால் 88 டிகிரி, அவருக்கும் கிட்டத்தட்ட உச்சியில்தான். விளையாட்டு ட்ரோன் என்றால் ஆரணியில் தெரியவே தெரியாது. கிரகமாக இருந்தால் இரண்டு ஊரிலும் நூலிழை வித்தியாசம் இருக்காது. இரண்டு முஷ்டிக் கணக்கும் ஒரு போன் அழைப்பும் போதும். பாதி வதந்திகள் அங்கேயே முடிந்துவிடும்.

விமானத்தில் போகிறவருக்கு இன்னொரு வசதி. அவருக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒரே நிமிடத்தில் 15 கி.மீ. நகர்கிறது, திமிரிக்கும் ஆரணிக்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதி. விமானம் ஒவ்வொரு கணமும் எங்கே இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஜன்னல் சட்டமும் ஒன்றிரண்டு நட்சத்திரங்களும் சேர்ந்து விழும்படி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தால் போதும். நின்ற இடத்திலேயே நிற்கும் பொருள் பக்கத்தில் இருந்தால் நட்சத்திரங்களுக்கு எதிரே நகர்ந்திருக்கும். வெகு தொலைவில் இருந்தால் அசையாமல் கூடவே வரும், பஸ்ஸோடு நிலா வருகிற மாதிரி. 1954 ஜூன் 29 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பி.ஓ.ஏ.சி. விமானத்தோடு, கேப்டன் ஜேம்ஸ் ஹோவர்டும் பயணிகளும் பார்க்க, ஒரு பெரிய கரிய வடிவமும் ஆறு சின்ன வடிவங்களும் சுமார் 18 நிமிடம் ‘கூடவே வந்தன’. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு பிறகு அதைக் கானல் தோற்றத்தின் அரிய வகையாக இருக்கலாம் என்று கருதியது. கூடவே வந்தது என்பது துரத்தலுக்குச் சாட்சி இல்லை. பெரும்பாலும் தொலைவுக்குச் சாட்சி.

விளங்காததில் இரண்டு வகை

பிரான்சின் விண்வெளி நிறுவனம் 1977 முதல் இப்படிப்பட்ட புகார்களை வாங்கி விசாரிக்கத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. முடிவுகளை நான்கு வகையாகப் பிரித்து வெளியிடுகிறது. காரணம் உறுதியாகத் தெரிந்தவை, ஏறக்குறைய தெரிந்தவை, தகவல் போதாதவை, நல்ல தகவல் இருந்தும் விளங்காதவை. இதில் கடைசி இரண்டையும் தனித்தனியாக வைத்ததுதான் புத்திசாலித்தனம். தகவல் போதாதவை பல நூறு. கடைசி வகையில் தேறுபவை நூற்றுக்கு மூன்று நான்குதான். நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பரில், ஆயிரம் வீடியோக்களைவிட, நேரமும் திசையும் அளவும் ஒழுங்காகக் குறித்த பத்துப் பதிவுகள் மேல் என்கிற அர்த்தத்தில்தான் அறிக்கை தந்தது.

இம்பாலில் நடந்தது இந்தக் கணக்கில் மூன்றாம் வகை. ஆல்டர்னியும் தூரம் கிடைக்காததால் அந்தப் பக்கமே சாய்கிறது. அவற்றை வைத்து வேற்றுக்கிரகவாசிகளை நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அறிவியல் காத்திருப்பது அந்த மூன்று நான்கு சதவீதத்துக்குத்தான். தூரம் தெரிந்து, வேகம் தெரிந்து, பலூனும் வெள்ளியும் ராக்கெட்டும் ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகும் கணக்குக்குள் வராமல் நிற்கும் ஒன்று. அப்படி ஒன்று திமிரி வானத்தில் வந்தாலும் வரலாம். வரும்போது நேரம், திசை, எத்தனை முஷ்டி உயரம், பக்கத்தில் தெரிந்த நட்சத்திரம் ஆகிய நான்கையும் எழுதிவைத்தவரின் சாட்சியம்தான் செல்லும். வாயடைத்து நின்றவருடையது செல்லாது.